குறை கேட்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் யாராவது வரப்போகிறார்கள் என்றால் முதலில் பெயிண்ட் வாசம் வரும். பஞ்சுத் தூசி, சாயத்தின் நெடி, வெயிலில் வேகும் தார், எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு அந்த வாசம் எழும்பும். பனியன் கம்பெனிச் சுவர் வெளுக்கும். தரையில் வெளியேறும் வழிக்கு அம்புக்குறி ஒட்டுவார்கள். பூட்டியே கிடந்த முதலுதவிப் பெட்டி திறந்துகொள்ளும். ஆடிட் வருகிறது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு அனுப்பும் ஆட்கள் தொழிலாளர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். யாராவது திட்டுகிறார்களா, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள். கம்பெனி சொல்லிக்கொடுத்த பதில்களே வரும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. இந்தி, இங்கிலீஷ், தமிழ் மூன்றும் என் வாய்வழியாகப் போய்வரும். எனக்கென்று எழுதுகிற வரிகள் அவற்றுக்குக் கீழே எங்கேயோ, பாதாளச் சாக்கடைத் தண்ணீர் மாதிரி, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பங்குனியில் பெயிண்ட் வாசம் கோர்ட்டிலிருந்து வந்தது.

இலவச சட்ட உதவியில் வழக்கு நடத்தும் வக்கீல் தம்பி ஒருவர் போன் செய்தார்.

"அக்கா, டெல்லியிலிருந்து கமிட்டி வருதுங்க. எல்லாம் எம்பிங்க. பேசறதுக்கு எங்கிட்ட ஆள் இருக்குது, எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லீங்க. நீங்க வரோணும்."

"பையர் மாதிரியா தம்பி?"

"பையருக்கெல்லாம் பெரிய பையருங்க. நீதித் துறையையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறவங்க."

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். டெல்லியில் சட்ட அமைச்சகத்துக்குள் நீதித் துறை என்று ஒன்று இருக்கிறது. நீதிபதி நாற்காலிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன, விசாரணை இல்லாமல் உள்ளே கிடப்பவர்களுக்கு என்ன வழி என்று நாடாளுமன்றக் குழு அந்தத் துறையைக் கேட்கும். கேட்பதற்கு முன்னால் ஊர் ஊராக வந்து பார்க்கும். யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லி அது பதிவாகிவிட்டால், துறை பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

வக்கீல் தேர்ந்தெடுத்திருந்த ஆள் ஒரு பெண். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குகிற வேலை. அவள் புருஷன் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். லைன் வீட்டில் நடந்த ஒரு சண்டையில் ஒருவன் கத்திக்குத்துப்பட்டுச் செத்தான். அங்கே நின்ற ஆண்களையெல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. இவனும் போனான். ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு வந்த கோர்ட்டில் நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார், அடுத்தவர் வரவில்லை. பொறுப்புக்கு வரும் வேறொரு நீதிபதி வாய்தா மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். சிறையிலிருந்து வீடியோவில் அவன் முகம் காட்டப்படும். ஒவ்வொரு முறையும் கன்னம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். இருமுவது தெரியும், சத்தம் வராது.

கமிட்டி வந்த நாள் காலையில் கோர்ட்டுக்கு எதிர்ப்புற பேக்கரியில்தான் அவளை முதலில் பார்த்தேன். பாதி நாள் பர்மிஷன் வாங்கி நேரே கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். நீலநிற கோட், கழுத்தில் அடையாள அட்டை, தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட மாஸ்க்.

"கோட்டைக் கழட்டிறட்டுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டுங்க்கா," என்றார் வக்கீல். "உழைக்கிறவங்கன்னு பாத்தாத் தெரியட்டும். எங்கே, இன்னொருக்காச் சொல்லுங்க."

அவள் டீ கிளாசை வைத்துவிட்டுச் சொன்னாள். "ஜட்ஜு சீட்டு காலியாக் கெடக்குதுங்க. கேஸை இன்னும் எடுக்கவே இல்லீங்க. அவரு குத்துனாரா இல்லையான்னு கேட்டு முடிக்கட்டுங்க. குத்தியிருந்தா உள்ளயே இருக்கட்டும். கேக்கறதுக்கே ஆளில்லீன்னா எப்படீங்க? இப்படியே விட்டா உள்ளயே செத்துப்போயிருவாருங்க."

பக்கத்து மேசையில் பன் தின்றுகொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி வரியை மட்டும் மெதுவாச் சொல்லுங்க. அது பதிவாகோணும்," என்றார் வக்கீல்.

நான் அதை மனதுக்குள் இந்தியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எந்த மொழியிலும் அது கெட்டியாக நின்றது. வெளியே கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வானம் வெளுத்துப்போய், எதுவும் எழுதப்படாத துணி மாதிரி, தலைக்கு மிக அருகில் தொங்கியது. நன்றாகத்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

கோர்ட் வளாகத்துக்குள் நுழைந்தோம். எல்லாம் எனக்குப் பழகிய ஏற்பாடு. சுவரில் முதலுதவிப் பெட்டி. தரையில் பச்சை அம்புக்குறி. தீயணைக்கும் சிலிண்டரில் புது அட்டை. ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் எச்.ஆர் ஆளைக் கேட்டுத்தான் இதையெல்லாம் செய்தார்களாம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெரியவர்கள் வந்தால் இந்த ஊருக்கு வேறு மாதிரி வரவேற்கத் தெரியாது.

ஹாலில் வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேசையின் ஒரு பக்கம் உறுப்பினர்கள், இன்னொரு பக்கம் நீதித் துறை அதிகாரிகள். நடுவில் ஒரு நாற்காலி அவளுக்கு, பக்கத்தில் எனக்கு.

தலைவர் வயதானவர். கண்களில் நிஜமான பரிவு இருந்தது. இந்தியில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதால் உங்களுக்கு எந்தப் பிரச்சினையும் வராது. ஏதாவது குறை இருக்கிறதா?"

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடிட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் சொல்வது இதே வார்த்தைகள்தான். இதே மாதிரி மேசைக்கு முன்னால் எத்தனையோ தடவை இதே குரலில் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அவள் எழுந்து நின்றாள். கை தானாக மாஸ்கை மூக்குக்கு மேல் ஏற்றியது. திரும்பிக் கிடந்த அடையாள அட்டையை முகம் தெரியும்படித் திருப்பிவிட்டது.

"வணக்கமுங்க. ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாரும் மரியாதையாத்தான் நடத்தறாங்க."

பின்னால் வக்கீலின் நாற்காலி கிறீச்சிட்டது.

"கேஸைப் பத்திக் கேக்கறாங்கம்மா," என்றேன். "உங்க ஊட்டுக்காரரு கேஸு. அது எப்படிப் போகுதுன்னு."

"நல்லாப் போகுதுங்க. எல்லாம் டைமுக்கு நடக்குதுங்க."

கண்கள் என்னைப் பார்த்தன, அவற்றில் ஆள் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை மொழிபெயர்த்தேன். பிறகு நிறுத்தாமல், "ஐயா, இவர் சொல்ல வந்தது இது இல்லை. அங்கே நீதிபதி நாற்காலி…" என்று தொடங்கினேன்.

தலைவர் கையை லேசாக உயர்த்தினார். "அம்மா, அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் கருத்தைப் பதிவு செய்ய முடியாது." நியாயமான மனிதர்தான். அவரே மறுபடியும் கேட்டார்: "அவர் சொன்னதில் ஏதாவது மாற்ற விரும்புகிறாரா?"

இந்த ஊரில் செக்கிங்குக்கு வரும் பெண்ணுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு. முதல் தடவை கேட்பது கேள்வி, இரண்டாம் தடவை கேட்பது வலை. மாற்றிப் பேசினால் கம்பெனிக்கு வந்த ஆர்டர் கைவிட்டுப் போகும், எல்லோருக்கும் வேலை போகும்.

"மாத்தறீங்களான்னு கேக்கறாங்க," என்றேன். என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது.

"இல்லீங்க. சொன்னது சொன்னதுதானுங்க."

எதிரே ஒரு அதிகாரி பேனாவை மூடினார். யாரோ மைக்கில் நன்றி சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்தாள். பாதி தண்ணீர் கோட்டில் கொட்டியது. கோட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, நான் என்னங்க சொன்னேன்?"

சொன்னேன். இரண்டு பதிலையும், மூன்றாவதையும்.

"வாயி அதாவே பேசீருச்சுங்க்கா."

வக்கீல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தார். "இன்னொரு வழி இருக்குதுங்க. கமிட்டில பாதிப்பேரு மத்தியானம் ஜெயிலுக்குப் போறாங்க. உள்ள இருக்கறவங்ககிட்டயும் கேப்பாங்க. அவரு சொன்னாப் போதும்."

அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அவரு சொல்லீருவாருங்க. என்னையாட்டப் பயந்தாங்கொள்ளி இல்லீங்க. மொதலாளியவே நேருக்கு நேர் கேக்கற ஆளு."

உள்ளே இருப்பவர்களைச் சந்திக்க விடும் அடுத்த மனு நாளில் அவளோடு நானும் சிறைக்குப் போனேன். தனியாகப் போனால் நாக்கு எழாது என்றாள். வலைக்கம்பிக்கு இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். துணி பின்னும் நிட்டிங் ஷெட் மாதிரி இரைச்சல். அவன் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு வந்து நின்றான். அகன்ற தோள், அதன்மேல் யாரோ ஒரு கிழவனின் கழுத்து.

அவளை முந்திக்கொண்டு அவனே பேசினான். சிரித்துக்கொண்டே பேசினான்.

"எம்பிங்க வந்தாங்க புள்ள. வரிசையா நிப்பாட்டிக் கேட்டாங்க. புதுப் பாயி, புதுத் தட்டு, கம்பெனி ஆடிட்டுத் தோத்துது போ. எங்கிட்ட வந்தாங்க பாரு, நம்ம வாயி சும்மா இருக்குமா? சாப்பாடு நல்லாருக்குது, டாக்டரு வர்றாரு, ஒரு கொறையும் இல்லீங்கன்னுட்டேன். பழக்க தோஷம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அட, மூஞ்சியத் தூக்கிக்காத. நீதான் கோர்ட்டுல சொல்லீருப்பியே, ரெண்டு பேரும் எதுக்குன்னு விட்டுட்டேன். சொல்லீட்டயில்ல?"

கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. இருபுறமும் அத்தனை இரைச்சல், எனக்கு அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லீட்டனுங்க," என்றாள்.

"எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

"அப்பச் செரி. இனி ஜட்ஜு வந்துருவாரு." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கம்பியைப் பிடித்தபடி குனிந்து இருமினான். இங்கே சத்தம் நன்றாகவே கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்கள் பளபளத்தன. "இந்தத் தாடிய எடுத்துறட்டுமா? ஜட்ஜு மூஞ்சியப் பார்ப்பாருல்ல?"

"எடுத்துருங்க," என்றாள்.