சுவருக்கு வெளியே எறிந்த மட்டைகள்

அடையாறு ஆற்றை ஒட்டி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்சுவருக்கு வெளியே நாணல், அதற்கப்பால் ஓலைக் குடிசைகள். முதல் குடிசை, எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் மல்லிகாவுடையது.

காய்ந்த தென்னை மட்டைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிவது எங்கள் வழக்கம்.

"வெயில் ஏறிக்கினே போவுதும்மா. அந்த மட்டைங்கள எடுக்கச் சொல்லுங்க, பயமா கீது" என்று மல்லிகா இரண்டு முறை சொன்னாள். வண்டி வைத்து அள்ள எனக்குச் சோம்பல். மே மாதக் காலை ஒன்றில் காவலாளியிடம், "கொளுத்திடுங்க" என்றேன்.

பதினொரு மணிக்குக் கடல்காற்று கிளம்பியது. தீ நாணலைப் பிடித்துக்கொண்டு குடிசைகளை நோக்கி ஓடியது. நான் பிடித்த தோட்டக் குழாயின் தண்ணீர் சுவரைக்கூடத் தாண்டவில்லை.

மல்லிகா சாமான்களை எடுக்க ஓடவில்லை. அரிவாளோடு தன் கூரைமேல் ஏறிக் கயிறுகளை அறுத்தாள். "என் வூடு போனா போவுது, ஓலைய இழுங்க!" என்று அக்கம்பக்கத்தாரிடம் கத்தினாள். அடுத்த கூரைக்குத் தாவ வழியில்லாமல் தீ அங்கேயே அடங்கியது. அவள் வீட்டிலிருந்தவை மட்டும் கரியாயின.

தீ எப்படிப் பிடித்தது என்று தீயணைப்பு வீரர் கேட்டார்.

"யாரோ பீடியை அணைக்காம போட்டிருப்பாங்க" என்றேன். மல்லிகா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தாள். பாத்திரத்திலிருந்து தலை நிமிராமலே கேட்டாள்: "அந்த பீடி யாருதுன்னு தெரிஞ்சுதாம்மா?"

"இல்லை" என்றேன்.

இரண்டாவது முறை பொய் சொல்வது முதல் முறை அளவுக்குக்கூடக் கஷ்டமாக இல்லை. நான் யாரென்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.