மறதிக்கு வசூல்

நிதி திரட்டும் வேலையில் கதவு திறப்பதற்கு முன்பே சிரித்துவிட வேண்டும். திறந்த பிறகு சிரித்தால் லோன் ஏஜெண்ட் என்று நினைத்துச் சாத்திவிடுவார்கள். அபார்ட்மெண்ட் சங்கத்துக்கோ ஆபீஸ் பொங்கலுக்கோ ஒரு தடவையாவது வசூலுக்குப் போய் வாசலில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். புதுச்சேரியில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் ஆராய்ச்சிக்காகப் பணம் திரட்டும் ஒரு சின்னச் சங்கத்தில் எனக்கு வேலை. கண் ஆபரேஷனுக்குக் கேட்டால் கொடுப்பார்கள், கும்பாபிஷேகத்துக்குக் கேட்காமலேயே கொடுப்பார்கள். மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குக் கேட்டால், "அதுக்குத்தான் கவர்மெண்டு இருக்கே" என்பார்கள்.

ஆராய்ச்சிக்கு வெஜிடபிள் பிரியாணி

ரெட்டியார்பாளையத்தில் ஒரு அம்மா, தன் அப்பாவின் நினைவு நாளுக்கு எங்கள் சங்கத்துக்கு நன்கொடை தருவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மதியம் ஆபீஸ் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே முழுக்க பிரியாணிப் பொட்டலம், கூடவே தயிர்ப் பச்சடி, ஸ்வீட். குடும்பத்தோடு இறங்கிய அந்த அம்மா, "பெரியவங்கல்லாம் எந்த ரூம்ல இருக்காங்க?" என்று தேடினார். எங்களை முதியோர் இல்லம் என்று நினைத்துவிட்டார்.

ஆபீஸில் இருந்தது டாக்டர், கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், நான். டாக்டர்தான் எங்கள் தலைவர்; ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர். இங்கே ரத்தம் எடுப்போம், ஞாபகசக்தியைப் பரிசோதிப்போம், சோறு போடுவதில்லை என்று விளக்கினேன். பரிமாறுகிற மாதிரி போட்டோ எடுக்காமல் அவர்கள் நகர்வதாக இல்லை. கடைசியில் டாக்டரே இலை போட்டு உட்கார்ந்து, முகத்தைக் கொஞ்சம் பாவமாக வைத்துக்கொண்டு பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மிச்சத்தை ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்து முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. இதைப் பணமாகவே கொடுத்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளாமல் சொன்னார்: "ஏம்மா, ஆராய்ச்சி பண்றவங்களும் சாப்டுத்தானே ஆவணும்?"

தபால்காரர் கண்ணில் படாமல்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த ஊரில் அவர்களை 'சொல்தா' என்போம். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள், "எங்க வீட்ல அந்த வியாதி யாருக்கும் கிடையாது மதாம்" என்றார். நான் கேட்கவே இல்லை.

அப்போது அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ஸ்கூல் விட்டாச்சே, பசங்க இன்னும் வரலியே?" பசங்கள் பாரிசில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். "வந்துட்டே இருக்காங்க, நீ போய் உக்காரு" என்று அவர் கனிவாகச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல மீதிக் காபியைக் குடித்தோம். தாராளமாகத்தான் கொடுத்தார். எழுந்து கேட் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிரெஞ்சில் ஒரு நன்றியோடு ஆரம்பித்தார்: "மெர்சி மதாம். ரசீது அனுப்பும்போது கவர் மேல சங்கத்துப் பேரு மட்டும் வேணாம். போஸ்ட்மேன் படிச்சுடுவாரு."

தினமும் கேட்கிற ஜோக்

எனக்கு முத்தியால்பேட்டையில் வீடு. என் வீட்டுக்காரர் ஏழுமலை பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆவதற்கு முன்பே மறதி வந்து வேலையை விட வேண்டியதாயிற்று. இப்போதும் விடிந்ததும் பழைய தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். பகலில் பக்கத்து வீட்டு செல்வி பார்த்துக்கொள்கிறாள். பிள்ளையின் பெயர் போய்விட்டது, தெரு போய்விட்டது, நான் மட்டும் மிச்சம். அவர் ஞாபகத்திலிருந்து நானும் போகிற நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆராய்ச்சியில் எதைக் கண்டுபிடித்தாலும் அது இவருக்கு உதவப்போவதில்லை என்று டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இருந்தும் வசூலுக்குப் போகிறேன். வேறு என்ன செய்வது?

ஒருநாள் காலை அவருக்குச் சட்டை போட்டுவிடுவதே பெரும்பாடாகிவிட்டது. அழுது முடித்து, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். செல்போன் கடைக்காரர் என் நோட்டீசை முழுசாகப் படித்தார். பிறகு சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, தான்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்த மாதிரி அந்த ஜோக்கைச் சொன்னார். அதற்குச் சிரிப்பதும் என் சம்பளத்தில் சேர்த்திதான். "அடடா, பர்ஸ வீட்லயே மறந்துட்டேன்க்கா. எனக்கும் அந்த வியாதி வந்துடுச்சு போல!"

பார்த்துவிட்டு செக்

எங்கள் கையிருப்பு மார்ச்சோடு முடிகிறது. அதற்குமேல் பரிசோதனைகள் நடக்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி முதலாளி மனம் வைக்க வேண்டும். டாக்டரும் நானும் போய்ப் பார்த்தோம். டாக்டர் ரத்தம், ஸ்கேன் என்று விளக்க விளக்க முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு பேஷண்ட்டை நேர்ல காட்டுங்க சார், பார்த்துட்டு செக் போடறேன்" என்றார். கடற்கரைச் சாலையில் அடுத்த வாரம் நாங்கள் நடத்தும் நடைப்பயணத்துக்கு வருவதாகவும் சொன்னார்.

திரும்பும்போது காரில் டாக்டர் என் வீட்டுக்காரரை மேடையில் உட்காரவைக்கலாமா என்று கேட்டார். கூட்ட நெரிசலில் சில்லறை பாக்கியை ஆள் மறக்காமல் தேடிப்போய்க் கொடுத்த மனிதர் அவர். அவரைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்ட வேண்டுமா? முடியாது என்றேன். டாக்டர் கெட்டவரில்லை, மார்ச் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா. ஏழுமலைக்கு மறுநாள் அது ஞாபகமே இருக்காது."

கடற்கரைச் சாலையில்

நடைப்பயணத்தன்று செல்விக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன். தோல் பை இல்லாமல் வரமாட்டேன் என்றார், மாட்டிவிட்டேன். எங்கள் மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்துவிட்டு பேனர் கட்டப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம்.

கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் கேட்டது. "உள்ள போ, உள்ள போ! சில்லறையா எடுத்து வச்சுக்குங்க!" கூட்டத்தைப் பார்த்ததும் பஸ் என்று நினைத்துவிட்டார். காலை நடைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பையில் நோட்டுகளைப் போட்டார்கள். நாங்கள் மாதக்கணக்கில் கெஞ்சியும் திறக்காத பர்சுகள் அவருடைய ஒரு அதட்டலுக்குத் திறந்தன. மேட்டுப்பாளையத்து முதலாளியும் அவரிடம் மாட்டினார். "படியில நிக்காதீங்க சார்" என்று முதலாளியின் தோளைத் தொட்டு நகர்த்தி, காசு வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

முதலாளி என்னிடம் வந்து, "சூப்பர் ஆளு மேடம். எங்க புடிச்சீங்க? சரி, பேஷண்ட் எங்கே?" என்றார். டாக்டர் என் முகத்தையே பார்த்தார். நான் ஒரு விரலை நீட்டினால் போதும், ஒரு வருஷத்துப் பரிசோதனைக்குப் பணம் வந்துவிடும். என் வீட்டுக்காரரோ, பல வருஷம் கழித்து நிமிர்ந்து நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "வரலீங்க" என்றேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். யோசித்துச் சொல்வதாகப் போன முதலாளி இன்னமும் யோசிக்கிறார்.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. என் வீட்டுக்காரர் மிச்சமிருந்தவர்களிடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒரு பயணியைப் பார்ப்பது போல மரியாதையாகத்தான் பார்த்தார். "எங்கம்மா எறங்கணும்?" என்றார்.

பயந்துகொண்டிருந்த நாள் அன்றைக்கு வந்துவிட்டது. "முத்தியால்பேட்டைங்க" என்று சொல்லி அவர் உள்ளங்கையில் பத்து ரூபாயை வைத்தேன். பையில் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரும்மா. ஸ்டாப் வந்தா நானே சொல்றேன்."

எங்கள் சங்கத்தில் உருப்படியாக வசூல் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று டாக்டரே இப்போது ஒத்துக்கொள்கிறார், சம்பளம் மட்டும் மார்ச் வரைக்கும் எனக்கு வருகிறது.