ஒஷாவாவிலிருந்து ஒரு முகவரி தேடி

காலை 7.10, ஒஷாவா, கனடா. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்தில் கண் விழித்தேன். இரண்டரை வருடங்களாக என் வீடு ஒரு வெள்ளை வான். கட்டில், காஸ் அடுப்பு, சாமிப்படம் எல்லாம் அதற்குள்தான். மனைவி காலமான பிறகு ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டேன். முப்பது வருடம் லொறி ஓட்டியவனுக்கு ஒரு இடத்தில் இருக்கத் தெரியவில்லை. கிழக்கே கடல்வரை போனேன், மேற்கே மலைவரை போனேன். படங்களைக் குடும்பக் குழுவில் போட்டால், ‘அண்ணை குடுத்துவைச்சவர்’ என்று பதில் வரும். எனக்கு இனி வீடு எதற்கு என்று நானும் வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

இன்றைய பயணம் ஊர் பார்க்க அல்ல. வலது கண்ணில் புரை. சத்திரசிகிச்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. இலவச வைத்தியத்துக்குக் காட்டும் என் சுகாதார அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க வேண்டுமானால், இந்த மாகாணத்தில் வசிக்கிறேன் என்பதற்கு வீட்டு முகவரியோடு ஒரு கடிதம் காட்ட வேண்டும். அட்டை இல்லையென்றால் கண் இல்லை. கண் இல்லையென்றால் வான் ஓட்ட முடியாது. ஓடாத வானை ரொறன்ரோவில் எந்தத் தெருவும் வைத்திருக்க விடாது.

பெற்றோல் லீற்றர் ஒரு டொலர் நாற்பத்தொன்பது சதம். ஸ்காபரோவுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர்தான். காலை நெரிசலில் ஒன்றேகால் மணித்தியாலம் ஊர்ந்தேன்.

9.40, அட்டை புதுப்பிக்கும் அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பழைய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நேற்றிரவு எங்கே படுத்தீர்கள்?”

“ஒஷாவாவில்.”

“அதற்கு முதல் நாள்?”

“பெல்வில்லில்.”

“கடிதங்கள் எங்கே வரும்?”

“வாடகைத் தபால்பெட்டி வைத்திருக்கிறேன்.”

“பெட்டியில் யாரும் வசிப்பதில்லை, ஐயா.”

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போய்விட்டது. வருடத்தில் ஒன்பது மாதம் இந்த மாகாணத்துக்குள்தான் சுற்றுகிறேன், வரி கட்டுகிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். உறவினர் யாராவது தங்கள் முகவரியைத் தந்தால் அதை வங்கியில் பதிந்து ஒரு கடிதம் எடுத்துவரலாம். அதுவும் முடியாவிட்டால் போய்ப் பார்க்க ஒரு நிலையத்தின் பெயரைக் கீழே எழுதியிருந்தார். அந்தக் கீழ்வரியை நான் வாசிக்கவே இல்லை. அஜின்கோர்ட்டில் தம்பி இருக்கும்போது அது எனக்கு எதற்கு?

11.15, அஜின்கோர்ட். தம்பியின் வீட்டு வாசலில்தான் நான் ரொறன்ரோ வரும்போதெல்லாம் வானை நிறுத்துவேன். தம்பி கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தான். விசயத்தைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

“குறை நினையாதேங்கோ அண்ணை. கீழ பேஸ்மென்ற்றில ரெண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கு. பேர்மிட் எடுக்கேல்லை. இன்னொரு பேர் இந்த அட்ரஸில ஏறி, சிற்றி இன்ஸ்பெக்டர்மார் வந்து எண்ணத் தொடங்கினா நான் என்ன செய்யிறது?”

“ஒரு கடிதம்தானேடா.”

“நீங்கள் வந்து நில்லுங்கோ, சாப்பிடுங்கோ, எத்தினை நாளும் படுங்கோ. அட்ரஸை மட்டும் கேளாதேங்கோ.”

அவன் இந்த நாட்டுக்கு வந்தபோது நான் ஒரு அடுக்குமாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். எங்கள் தபால்பெட்டியில் பதினொரு பெயர் ஒட்டியிருந்தது. அங்கே படுத்தவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் வேலை கிடைத்த ஊர்களில் கிடந்தார்கள், கடிதம் என்னிடம் வரும். எங்கள் ஆட்களிடையே அப்போது அது பெரிய உதவியே இல்லை, கேட்டால் கொடுப்பதுதான். தம்பியின் அகதி விசாரணைக் கடிதமும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது. பனிக்குள் இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். அதைச் சொல்லிக்காட்ட வாய் உன்னியது. சொல்லவில்லை. மீன்குழம்பும் சோறும் கட்டித் தந்தான், வாங்கிக்கொண்டேன். எனக்கு அவன்மீது கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பிற்பகல் 1.50. துண்டின் கீழ்வரியில் இருந்த நிலையம் தமிழ்க் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மூலையில் இருக்கிறது. இலவசச் சாப்பாடு கொடுக்கிற இடம், சூப் மணம் அடித்தது. மேசையில் இருந்தவள் தமிழ்ப் பிள்ளை, இங்கேயே பிறந்தவள்.

“அங்கிள், நாங்க ஒரு லெற்றர் தரலாம். எங்கட அட்ரஸையே நீங்க யூஸ் பண்ணலாம்.”

கடிதத்தை வாசித்தேன். ‘இவர் வீடற்றவர்’ என்று முதல் வரியிலேயே இருந்தது.

“பிள்ளை, எனக்கு வீடு இருக்கு. வெளியில நிக்குது, வந்து பாரும்.”

“ஐ நோ அங்கிள். பட் ஃபோர்மில ரெண்டு பொக்ஸ்தான் இருக்கு. வீடு இருக்கு, வீடு இல்லை. எது போடட்டும்?”

வெளியே நின்ற வானைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவர் இருமினார். “இல்லையெண்டு போடும்” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன்.

3.35, மறுபடியும் அலுவலகம். ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒன்பது மாதம் இங்கே ஓடுவதும் கட்டிய வரியும் செய்யாததை அந்தக் கடிதத்தின் ஒரு வரி செய்துவிட்டது. புது அட்டை தபாலில் நிலையத்துக்கு வரும். அங்கே கடிதங்களைச் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில்தான் கொடுப்பார்கள்.

மாலை 5.20. ஒஷாவாவுக்குத் திரும்பும் வழியில் தம்பி அழைத்தான்.

“சரி வந்ததோ அண்ணை?”

“ஓம்.” எப்படி என்று கேட்டான். சொன்னேன்.

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறானோ என்றுகூட நினைத்தேன்.

“அந்தப் பிளாசாவில எங்கட ஆக்கள் கனபேர் சாமான் வாங்க வாறவை” என்றான். “கார்ட் எடுக்கப் போகேக்க ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கோ.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் மரக்கறி வாங்க அங்கே கூட்டம் அலைமோதும் என்று அவனே சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமையே போவேன், வெறுந்தலையோடு.