சவுக்காரத்துக்குச் செவக்காத மஞ்ச

மருமகன்னா எங்கயோ இருந்து வந்த ஆளு இல்ல, என் கூடப்பொறந்த அண்ணன் மகன். நான் இடுப்புல தூக்கிச் சுமந்த பய, என் மூத்தவளக் கட்டிக்கிட்டான். கல்யாணத்தன்னைக்கு, இனிமே மரியாதையாப் பேசணுமேன்னு, "வாங்க மருமகனே, சாப்பிட்டீகளா"ன்னு கேட்டுப்புட்டேன். எலையில இருந்து நிமுந்து பாத்தான். "என்னத்த, நேத்து வரைக்கும் ஏலேன்னு கூப்புட்ட வாயி இன்னைக்குச் சுளுக்கிக்கிருச்சா?" பந்தியே சிரிச்சுச்சு. அதுல இருந்து நாலு பேருக்கு முன்னாடி வாங்க போங்க, வீட்டுக்குள்ள ஏலேதான்.

பட்டாசுக் கம்பெனிக்குப் பொம்பளையாளுகள ஏத்திட்டுப் போற வேன் ஓட்டுனான். எங்க ஊரு புதுப்பட்டியச் சுத்தி நாலஞ்சு ஊருக்கு அவன் வேன்தான். எனக்கும் அந்தக் கம்பெனியிலதான் திரி வைக்கிற வேல. நான் செத்த நேரம் பிந்துனா வாசல்ல நின்னு ஆரன அமுக்கிக்கிட்டே, அத்த பவுடரு பூசுறாக பொறுங்கன்னு வேன் முழுக்கச் சொல்லுவான். எனக்கு அப்பவே அம்பது தாண்டியாச்சு, பவுடராம். கெவுருமெண்டுல கலர் டிவி குடுத்தப்ப, எங்க வீட்டு டிவிய வேன்ல முன் சீட்டுல உக்கார வச்சு, பொண்ணழைப்பு மாதிரி ஆரன் அடிச்சுக்கிட்டே கொண்டாந்தான். அத நெனச்சா இன்னைக்கும் சிரிப்பு வந்துருது.

இருபத்தாறு வயசு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கெடா வெட்டுனோம், சித்திர பொறக்குறதுக்குள்ள ஆளு இல்ல.

அவன் போனது ஒரு சாவுன்னா, அதுக்கப்புறம் என் இளையவ சோறு தண்ணி எறங்காமக் கெடந்தது இன்னொரு சாவு மாதிரி. நான் ஒரு வார்த்த சொன்னா அவ எந்திரிச்சிருப்பா. அந்த வார்த்த என் வாயிக்குள்ளயே இருந்துச்சு. அதத்தான் சொல்ல வந்தேன், டிவி கதைக்குள்ள போயிட்டேன்.

பொங்கலன்னைக்கே அவன் சரியில்ல. கெடாக்கறின்னா உசுர விடுறவன், கறிய எலையில ஒதுக்கி வச்சுட்டு ரசம் கேட்டான். தலைக்கறிய எங்கண்ணனுக்கு வச்சுட்டேன்னு கோவமாக்கும்னு நெனச்சேன். மறுநாள் எங்க பக்கம் மஞ்சத்தண்ணி. முறைக்காரவுக மேல மஞ்சளக் கரைச்சு ஊத்துவாக, கொழுந்தியா மச்சான் மேல ஊத்துனா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. என் இளையவளுக்கு அப்ப பதினெட்டு வயசு. கொழாயில தண்ணி வரலன்னு தொட்டித் தண்ணியிலயே கரைச்சுக்கிட்டு, கொடத்தோட வந்து நிக்கா. இவன் பகல்லயே பாயப் போட்டுப் படுத்துக் கெடக்கான். எந்திரிச்சவன் பனியனக் கழட்டிக் கொடியில போட்டான்.

"பனியன் புதுசு. ஆளு பழசுதான், ஊத்து."

கொடத்தோட கவுத்துட்டா. மூக்குலயும் வாயிலயும் ஏறி அவனுக்கு இருமலு, கண்ணு எரிச்சலு. அவ கைதட்டிச் சிரிக்கா. சாயங்காலம் திருவிளாக் கடையில ஒரு கூலிங் கிளாசு வாங்கி மாட்டிக்கிட்டான், அதுக்கப்புறம் அதக் கழட்டவே இல்ல. வேன்ல பொம்பளைக அவன நடிகராக்கிப்புட்டாக. ஒடம்பு மஞ்சளா இருந்துச்சான்னு கேக்காதீக. அந்த வாரம் எங்க தெருவுல யாரு மஞ்சளா இல்ல?

மறுநாள் வீட்டுத் துணியப் பூராம் நாந்தான் தொவச்சேன். மஞ்சக்கறையில சவுக்காரம் பட்டா ரத்தம் மாதிரிச் செவந்துரும், அது பொம்பளையாப் பொறந்த எல்லாருக்கும் தெரியும். சேல, பாவாட, வேட்டி எல்லாம் செவந்துச்சு. கொடியில கெடந்த அந்தப் பனியன எடுத்தேன். களுத்துலயும் கக்கத்துலயும் நல்ல மஞ்ச. சவுக்காரத்தப் போட்டேன், செவக்கல. இன்னும் கொஞ்சம் போட்டேன். மஞ்ச மஞ்சளாவே இருக்கு.

மஞ்சத்தண்ணிதான் படலையே, இதுல எப்படி மஞ்சன்னு ஒரு நிமிசம் கையில வச்சுக்கிட்டு நின்னேன். பொறவு எனக்கு வெக்கமாப் போச்சு. மக மூஞ்சியில பூசுன மஞ்ச புருசன் பனியன்ல ஒட்டியிருக்கு, இதப் போயி ஒரு ஆத்தா உத்து உத்துப் பாப்பாளா? கல்யாணமாகி ரெண்டு வருசமாகியும் புருசன் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்குதுகன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோசம் வேற. செவக்கலையேன்னு தோணுனதுக்கு, கடக்காரன் மஞ்சப்பொடியில என்னத்தையோ கலந்துட்டான்னு அவனத் திட்டிக்கிட்டே அலசிப் போட்டேன். யாருக்கிட்டயும் சொல்லல. சொல்லுற விசயமா அது?

பொங்கல் கழிஞ்ச அஞ்சாம் நாளு காலையில கம்பெனிக்குப் போற வழியில வேன ஓரமா நிப்பாட்டிட்டு ஸ்டேரிங்ல தலைய வச்சுட்டான். வெளாடுறான்னு நெனச்சு பின்னாடி இருந்து ஒருத்தி, ஏலே எந்திரிலே, லோடு இருக்குன்னு முதுகுல தட்டுனா. நான் எறங்கிப் போயி கண்ணாடியக் கழட்டுனேன். முளி ரெண்டும் மஞ்சக்கெளங்கு நெறம்.

சிவகாசியில ஒரு ஆஸ்பத்திரியில பாத்துட்டு ஒடனே மதுரைக்குக் கொண்டு போங்கன்னாக. மஞ்சக்காமால, ஈரலு கெட்டுப்போச்சுன்னாக. தண்ணியில வந்ததுன்னும் சொன்னாக. கண்ணு எத்தன நாளா இப்படி இருக்குன்னு டாக்டரு கேட்டப்ப என் மூத்தவ தெரியலன்னா. நான் சொவத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். மதுரையில சேத்த மூணாம் நாளு அவனுக்கு எங்கள அடையாளம் தெரியல. என்னைய யாரோ கம்பெனி ஆளுன்னு நெனச்சு, ஏறுங்க, நேரமாச்சுன்னான். நாலாம் நாளு முடிஞ்சு போச்சு.

அந்தத் 'தண்ணி'ங்கிற ஒத்தச் சொல்லப் பிடிச்சுக்கிட்டா என் இளையவ. தொட்டித் தண்ணிய வாயில ஊத்தி மச்சானக் கொன்னுட்டேன்னு அவளா முடிவு பண்ணிட்டா. அது எப்பவோ குடிச்ச தண்ணியில வந்ததும்மா, ஒரு மாசத்துக்கு முன்னாடியே பிடிச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாகன்னு தல தலையா அடிச்சுச் சொன்னேன். என்னத் தேத்துறதுக்குச் சொல்லுறன்னுட்டா. பதினாறாம் நாள் காரியம் முடியுறதுக்குள்ள எலும்புந் தோலுமா ஆயிட்டா. ஒரு வாயிக் காப்பியோட நாளு போகும், அதையும் பாதி நாளு கக்கிருவா. அக்கா மூஞ்சியப் பாக்க மாட்டா, அக்காளோட கைப்பிள்ளையத் தூக்க மாட்டா. என் கை ஆகாத கைன்னு ஒதுங்கிப் போவா.

பதினாறு கழிஞ்ச ரெண்டாம் நாளு மத்தியானம். மூத்தவ சோறு போட்டுட்டுக் கூப்புடுதா, இவ சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக் கெடக்கா. இதுக்கு மேல வாய மூடியிருந்தா இவளையும் தூக்கிக் குடுக்கணும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுச் சொன்னேன். பனியன் கொடியில கெடந்தது, மஞ்சத்தண்ணி ஒரு சொட்டுப் படாதது, அப்பவே அது மஞ்சளா இருந்தது, சவுக்காரத்துக்குச் செவக்காதது, எல்லாத்தையும். நீ ஊத்துறதுக்கு முன்னாடியே அவன் ஒடம்புல அது இருந்துச்சுடி, பாத்தவ நான், பாத்துட்டுச் சும்மா இருந்தேன்னேன். எதுக்குச் சும்மா இருந்தேங்கிறதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. கன்னிப்பொண்ண வச்சுக்கிட்டு.

மூத்தவ கரண்டிய வச்சுட்டா.

"நான் மஞ்ச பூசலையேம்மா"ன்னா. "பொங்கலுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே விட்டுட்டேன். மஞ்ச வாடையே குமட்டுதுன்னு தள்ளிப் படுத்தாரு. என்னையப் பிடிக்காமப் போச்சாக்கும்னு நெனச்சேன். அத உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா, அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். ரெண்டு பேரும் ஒரே அடுப்படியிலதான் இருந்தோம்.

இளையவ எந்திரிச்சு உக்காந்தா. அக்காளப் பாத்தா. அம்புட்டு நாளைக்குப் பொறவு அன்னைக்குத்தான் பாத்தா. மூத்தவ தட்டுல ரசத்த ஊத்திப் பெசஞ்சு அவ பக்கம் தள்ளி, "நீ ஊத்துனது வெறுந்தண்ணிடி, தின்னு"ன்னா. அழுதுக்கிட்டே தின்னா. கவளம் எறங்கறது களுத்துல தெரியுது, அம்புட்டு மெலிவு. ரெண்டாந்தரமும் சோறு கேட்டா.

எனக்கும் ஒரு தட்டு வச்சா மூத்தவ. ஏம்மா பாத்துட்டுச் சும்மா இருந்தன்னு என்னைய அவ கேட்டிருக்கலாம், நாலு வார்த்த வஞ்சிருக்கலாம். நான் அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். ஆறிப்போகும், சாப்பிடுன்னா. சாப்பிட்டேன்.