நான் உட்காராத பதினைந்து நிமிடம்

கிளினிக்கில் கோவிட் ஊசி, இரண்டாம் முறை. “பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க, சிலருக்குத் தலை சுத்தும்” என்றார் ஊசி போட்ட மிஸ்ஸி. முதல் ஊசிக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தெனாவட்டில், அவர் திரும்பிய நேரம் பார்த்து நழுவிவிட்டேன். வெளியே கம்பெனி பஸ்ஸில் பன்னிரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒரு நாள்கூட லேட்டாகாத டிரைவர் என்று எனக்குப் பெயர்.

டுரியான் துங்கால் ஊரைத் தாண்டியதுமே நெற்றி வியர்த்தது. காது அடைத்தது. எதிரே வந்த லாரி மங்கலாகத் தெரிந்தது. ஸ்டியரிங் கைக்குள் நிற்கவில்லை.

“அண்ணே, வண்டி இழுக்குது! ஓரமா நிப்பாட்டுங்க!” முன் இருக்கையிலிருந்து பரமேஸ் அலறினாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு புல்தரையில் ஒதுக்கி பிரேக்கை மிதித்தேன். அதோடு கண் இருட்டிவிட்டது.

விழித்தபோது என்னைப் படுக்கவைத்து, கால்களுக்கு அடியில் தங்கள் கைப்பைகளை அடுக்கியிருந்தார்கள். ஊசி போட்டதும் உட்காராமல் நழுவி வந்ததைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“ஷிஃப்டுக்கு லேட்டாயிரும், ஓட்டிருவேன்” என்று எழப் பார்த்தேன்.

“லேட்டானா ஆகட்டும்லா. வேற டிரைவர் வராரு, படுங்கண்ணே” என்றாள் பரமேஸ்.

கிளினிக்கில் நான் உட்கார மறுத்த நேரத்தைவிட அதிக நேரம், அவர்கள் எனக்காக வெயிலில் நின்றார்கள்.

லேட்டாகாத டிரைவர் என்ற பெயர் அன்றோடு போனது. போகட்டும். ஏறிய பன்னிரண்டு பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.