பாசித்திருக்கைக்குப் போட்ட குலவை

என் குரலைக் கேட்டதும் விளையாட வந்தவர்கள் எல்லாரும் துறைமுகக் கதவை இழுத்து மூடினார்கள். எனக்குச் சுருக்கென்றது. முளைப்பாரி ஊர்வலத்தில் நான் குலவை எடுத்தால்தான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்ட தொண்டை இது.

1. வேலை வந்த விதம்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கேம் செய்கிற ஒரு ஆபீசில் எனக்கு மதியச் சமையல். ஆயுத பூஜையன்று சூடம் காட்டும்போது நான் குலவை எடுத்தேன். கூட்டிப் பெருக்கும் ராக்குவும், பாத்திரம் தேய்க்கும் பூமயிலும் அதை வாங்கிக் கூடவே குலவை போட்டார்கள். சவுண்ட் வேலை பார்க்கும் மீனா ஓடி வந்தாள்.

"பெரியம்மா, நம்ம திருக்கைக்கு உங்க குரல்தான் வேணும்."

"திருக்கை மீனுக்கு எதுக்குடி குலவை? புளியக் கரைச்சுக் கொழம்பு வையி."

சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் காட்டினாள். எங்குமே இல்லாத ஒரு தீவு. விளையாடுகிறவர் அதில் ஊர் கட்டி, கடலில் பாசித் தோட்டம் போட்டு ஆள வேண்டும். அந்தக் கடலில் இருக்கிறது பாசித்திருக்கை. பெரிய வீட்டு முகப்பு அகலத்துக்கு உடம்பு, முதுகெல்லாம் பச்சை. பல் இல்லை, கொட்டுகிற முள்ளும் இல்லை. துறைமுகக் கதவைத் திறந்து உள்ளே விட்டால் அது கிளப்புகிற வண்டலில் தோட்டம் செழிக்கும். எனக்குப் பிடித்துப்போயிற்று.

2. ஸ்பாஞ்சு அறை

ரெக்கார்டிங் அறை குளியலறை அளவுதான். சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. மைக் முன்னால் நான் மட்டும்.

"தனியாவா போடச் சொல்ற?"

"திருக்கை ஒண்ணுதான பெரியம்மா."

போட்டேன். மூச்சுப் பிடித்து, நீளமாக.

3. டெஸ்டிங்

விளையாடிப் பார்த்துச் சொல்ல வெளியாட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் எல்லாரும் கதவை மூடினார்கள். ஒருவர் ஹெட்போனையே கழற்றி வைத்துவிட்டார். முதலாளி செழியன் தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீக பெரியம்மா. பேயி கூப்புடுற மாதிரி இருக்கு."

"எங் குரல எடுத்துருங்க. திருக்கை இருக்கட்டும்."

"எந்தச் சத்தம் வச்சாலும் பயந்து கதவ மூடுறாக. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா திருக்கையையே தூக்கிருவோம்."

அதை வரைந்தவளும் மீனாதான். அவள் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. இலையில் அப்படியே கிடந்தது.

ஹெட்போனை வாங்கி நானே கேட்டேன். கேட்ட உடனே புரிந்தது. குலவையை ஒருத்தி எடுத்தால் சுற்றி நிற்பவர்கள் வாங்க வேண்டும். வாங்க ஆளில்லாத குலவை, யாரோ தனியாகக் கிடந்து தவிக்கிற மாதிரிக் கேட்கிறது. யார்தான் கதவைத் திறப்பார்கள்?

ராக்குவையும் பூமயிலையும் கையைப் பிடித்து ஸ்பாஞ்சு அறைக்கு இழுத்துப் போனேன். மூன்று பேரும் தோள் இடிக்க நின்றோம்.

"மீனுக்குக் கொலவ போட்டேன்னு தெரிஞ்சா எம் மாமியா சிரிப்பா சிரிக்கும்" என்றாள் பூமயில்.

"சிரிச்சா சிரிக்கட்டும். உம் மாமியாளுக்கா போடுறோம்?" என்றாள் ராக்கு.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் எடுத்தேன். அவர்கள் வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை, விளையாட வந்த ஒரு பெண் கதவை மூடக் கை வைத்தாள். குலவை கேட்டது. கை நின்றது. கதவு திறந்தே கிடக்க, பாசித்திருக்கை ஆடி அசைந்து உள்ளே வந்தது. மீனா என்னைக் கட்டிக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் வித்தை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, மைக் முன்னால் போகுமுன், அது யாரோடு சேர்ந்து செய்கிற வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமயிலின் மாமியார் இப்போது போனில் அந்த விளையாட்டை ஆடுகிறார். "இதுல உங் கொரலு எதுடி?" என்று இன்னும் கேட்டபடியேதான் இருக்கிறார். பூமயிலுக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருநாளும் அவர் கதவை மூடுவதில்லை.