பாஸ்வேர்டு தங்காத கடை

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிப் பிழைத்தவன். ஆனாலும் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு பிரௌசிங் சென்டரைக் கொண்டுவந்தது நான்தான். வேறு யாராவது பெருமை பேசினால் நம்பாதீர்கள்.

அப்போது எங்கள் பக்கத்துக் குப்பங்களில் பலர் கப்பல் வேலைக்குப் போயிருந்தார்கள். தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து வீட்டுக்கு மெயில் அனுப்புவார்கள். பெண்களுக்குப் படிக்க வரும். எழுத்தைத் தேடித் தட்டத்தான் வராது. லீவில் வரும் ஆண்கள் முதல் தடவை தட்டிக் கொடுக்கும்போது, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று பிரௌசர் கேட்கும். எல்லா மிஷினிலும் வைத்துக்கொள் என்று அழுத்திவிட்டேன். வந்து உட்கார்ந்து ஒரு தட்டு தட்டினால் போதும், மெயில் தானாகத் திறக்கும். பாரிமுனையில்கூட இந்த வசதி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடையில் கூட்டம் அள்ளியது.

ஒரு காலை, சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவரின் மனைவி வந்தாள். உட்காரவில்லை.

"என் மெயிலை என் நாத்தனார் தொறந்துகீறா, நைனா. தனியா வூடு பாக்கலாம்னு அவரு எய்தினதை அப்படியே மாமியாருகிட்ட ஒப்பிச்சிட்டா. வூட்ல ஒரே பேஜாரு."

பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த நாத்தனார் அதே மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தட்டுத்தான் தட்டியிருக்கிறாள்.

"இனிமே மெயிலே போடாதேன்னு அவருகிட்ட சொல்லிடப் போறேன்."

"நடுக்கடல்ல கீறவரு. மெயிலும் இல்லன்னா இன்னாம்மா பண்ணுவே?"

"தெருவே படிக்கறதுக்கு அவரு எதுக்கு எய்தணும்?"

போய்விட்டாள். அன்று முழுக்க அந்த மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கை இறக்கியபின் கன்டெய்னர் பெட்டியைக் கூட்டிப் பெருக்கி, இரண்டு கதவையும் திறந்து காலி என்று காட்டினால்தான் யார்டில் திரும்ப வாங்குவார்கள். ஒரு துண்டுக் கயிறு கிடந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிஷினும் பெட்டிதானே. இந்த யோசனை வேறு எவனுக்கு வந்திருக்கும்?

மறுநாளே சேர்த்துவைத்த பாஸ்வேர்டை எல்லாம் அழித்தேன். மெயில் பக்கத்துக்குப் போகும் முகவரிகளை மட்டும் விட்டுவைத்தேன். வழி தெரிவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் எழுந்ததும் அவர் கண்ணெதிரிலேயே மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி, அவர் பார்த்த தடத்தையும் துடைத்தேன்.

மகன் கப்பலில் இருந்த ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். "நல்லா கீற கடையைக் கெடுத்துட்டியே. யாரு எழுத்தைத் தேடினு கீறது?"

"உன் வூட்டுச் சாவியை எங்கிட்ட குட்த்துட்டுப் போவியா?"

"உங்கிட்டயா? மாட்டேன்."

"அப்போ தேடு."

சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

நாத்தனார் விஷயத்தில் அடிபட்டவளை நானே போய்க் கூப்பிட்டேன். நம்பாமல்தான் வந்தாள். ஒரு தட்டு தட்டினாள். மெயில் திறக்காமல் பாஸ்வேர்டு கேட்டது. முகம் லேசாக மலர்ந்தது. அந்தப் பாஸ்வேர்டு கணவன் வைத்துக் கொடுத்தது. அவளுக்குத் தெரியும், தட்டித்தான் பழக்கமில்லை.

"அந்தாண்ட திரும்பு, நைனா."

என் கடையில் என்னையே திரும்பச் சொன்னவள் அவள் ஒருத்திதான். திரும்பித் தெருவைப் பார்த்து நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் கேட்டது. நடுவில் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. கடைசியில் அடங்கியது.

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சு. நீ திரும்பாதே, அவருக்குப் பதில் எய்தினு கீறேன்."